மூன்றாவது நழுவல்

காலை ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை தன் கைப்பேசியை அணைத்து, இரும்பு அலமாரியில் பதினேழாம் எண் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, நூற்றைம்பது வருஷம் பின்னால் போனார். போக அவருக்கு நாலு நிமிஷம் பிடிக்கும். பேன்ட்டைக் கழற்றி, முரட்டுத் துணியில் தைத்த ஆடையை மாட்டி, தலையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு வெளியே வந்தால் குடியானவர் தயார்.

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் பன்னிரண்டு வருஷமாக மாமனார் வீட்டில் அவர் வெறும் மாப்பிள்ளைதான். இந்தக் கதையே மாமனாரால் வந்த வினை என்பதால் நாமும் அப்படியே கூப்பிடலாம்.

ஊருக்கு வெளியே, பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்தில் இருந்தது அந்த அருங்காட்சியகம். பழைய கிராமத்து வாழ்க்கையைக் காட்டுகிற இடம். கலப்பையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துச் சீட்டு ஒட்டுகிற ரகம் அல்ல. எங்கெங்கோ இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, கல் கல்லாக மறுபடி கட்டி, உள்ளே ஆட்களையும் குடிவைத்திருந்தார்கள். முதல் வீட்டில் கொல்லர் இரும்பு அடிப்பார். போன ஜென்மத்தில் அவர் காப்பீட்டு ஏஜென்ட். இரண்டாம் வீட்டில் மாவு அரைக்கிற அம்மாள். மூன்றாம் வீட்டில் நம் மாப்பிள்ளை ஆடு கறப்பார். நுழைவாசலில் பெரிய பலகை ஒன்று உண்டு. 'இங்கிருப்பவர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்கிறார்கள். நம் காலத்தைப் பற்றி அவர்களிடம் கேட்காதீர்கள். அவர்களுக்குத் தெரியாது.'

தெரியாமல் இருப்பதற்குத்தான் சம்பளம். தெரிந்ததாகக் காட்டிவிட்டால் அதற்கு 'நழுவல்' என்று பெயர். மூன்று நழுவல் ஆனால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மாப்பிள்ளை ஏற்கெனவே இரண்டு நழுவியிருந்தார். ஒரு நாள் திடீரென்று மழை பிடித்துக்கொள்ள, வைக்கோலை அள்ளிக்கொண்டு ஓடியவர், பார்வையாளர்கள் இருபது பேர் முன்னிலையில், "டிவியில சொல்லவே இல்லையே" என்று புலம்பிவிட்டார். இன்னொரு நாள் ஓர் அம்மாள் கைப்பேசி அசையாமல் நின்றுபோச்சு என்று கண்கலங்க, கை சும்மா இருக்குமா? வாங்கி, இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி, ஊதிக் கொடுத்துவிட்டார். பதினோரு வருஷம் கைப்பேசி பழுதுபார்த்த கை அது. இரண்டு தடவையும் மேற்பார்வையாளர் அம்மாள் பின்னாலேயே நின்றிருந்தார். அந்த அம்மாள் தண்ணீர் சுமக்கிற பெண் வேஷத்தில் இடுப்பில் குடத்தோடு சுற்றிக்கொண்டே இருப்பார். குடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. உள்ளே நோட்டும் பேனாவும் இருந்தன.

இன்று ஆறு மாதச் சோதனைக் காலத்தின் கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மாள் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். அதற்குள் இன்னொன்று நழுவினால், மறுபடி வேலை தேடி அலைய வேண்டியதுதான். கைப்பேசிக் கடை மூடிய பிறகு இரண்டு மாதம் அப்படித் தேடி அலைந்து மாப்பிள்ளையின் செருப்பு மட்டும்தான் தேய்ந்தது.

வேலை போனதை மாமனாரிடம் சொல்லவில்லை. மனைவிதான் போனில் ஒரு நாள், "அவருக்கு அருங்காட்சியகத்துல அதிகாரி வேலை கிடைச்சிருக்குப்பா, நல்ல இடம்னு மாத்திக்கிட்டார்" என்று சொல்லி வைத்தாள். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஓர் ஆட்டின் மீதும் ஆறு கோழிகள் மீதும் அவருக்கு முழு அதிகாரம் இருந்தது.

மாமனாரிடம் அவருக்கு அப்படி என்ன பயம் என்று கேட்பவர்கள், மாமனார் முப்பத்தோரு வருஷம் பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்தவர் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டச் சொல்லி, ஃபெயில் போடுகிற உத்தியோகம். மாப்பிள்ளைக்கே இரண்டு தடவை போட்டிருக்கிறார். முதல் தடவை, கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியை எடுத்ததற்காக. இரண்டாம் தடவை, கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வண்டியை எடுத்ததற்காக. மூன்றாம் தடவை விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு பாஸ் போட்டார். இந்த மூன்று தடவைக்கும் இடையில், அப்பாவுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த மகளை மாப்பிள்ளை பார்த்துப் பழகிவிட்டதால், லைசென்ஸோடு சேர்த்துப் பெண்ணையும் கேட்டார். அன்றிலிருந்து மாமனார் அவரை ஒரு சொல் குறைத்துப் பேசியதில்லை. 'வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை'தான். ஆனால் அந்த 'உட்காருங்க'வைக் கேட்டாலே மாப்பிள்ளைக்கு சீட் பெல்ட் போட வேண்டும் என்று தோன்றும்.

பதினொரு மணி வெயிலில், வேலிப் பக்கம் மூன்று பேர் வருவது தெரிந்தது. நடுவில் வருகிற நடையை எங்கே பார்த்தாலும் மாப்பிள்ளைக்குத் தெரியும். முதுகு நிமிர்ந்து, கையைப் பின்னால் கட்டி, பாதையில் ஏதாவது குறை இருக்குமா என்று பார்த்து வருகிற நடை. ஒரு பக்கம் மாமியார். மறுபக்கம் மனைவி, பேயறைந்த முகத்தோடு. மாப்பிள்ளை அதிகாரியாக இருக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அப்பா திடீரென்று கிளம்பிவிட, பாவம், அவள் காலையிலிருந்து பதினோரு தடவை போன் செய்திருந்தாள். பதினோரு தடவையும் பதினேழாம் எண் அறைக்குள் அது அணைந்தே கிடந்தது.

ஓடி ஒளியலாம் என்றால் கிணற்றடியில் குடத்தோடு மேற்பார்வையாளர் அம்மாள். மாப்பிள்ளை வேறு வழியில்லாமல் ஆட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். மகாராணி என்று எல்லோரும் கூப்பிடும் அந்த ஆடு, பிறருடைய கஷ்டத்தைப் புரிந்துகொள்கிற பிராணி இல்லை. அது அவர் தலைத்துணியின் முனையைத் தின்ன ஆரம்பித்தது.

மூவரும் வாசலில் வந்து நின்றார்கள். நிலைக்கதவுப் பக்கம் வரும்போது மாமனார் தோளை இடித்துக்கொண்டார். கோபத்தில் வருகிற மனுஷன் கதவையா பார்ப்பார் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார்.

முதலில் வாயைத் திறந்தது மாமியார். "ஏங்க, இங்க பாருங்களேன். அச்சு அசல் நம்ம மாப்பிள்ளை. காதுகூட அப்படியே." பிறகு கிட்டே வந்து, கடையில் துணி பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆனா நம்ம மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் நிறம்" என்று முடித்தார்.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டார். கிணற்றடியில் குடம் இந்தப் பக்கம் திரும்பியது.

"வாங்கய்யா, வாங்கம்மா. வெயில்ல வந்திருக்கீங்க. எந்த ஊரு?"

மாமனார் மருமகனை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் எத்தனையோ லாரி டிரைவர்கள் தாங்களாகவே தங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மனைவி கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டாள். அப்புறம், "அப்பா, வாசல்ல பலகை படிச்சேன் இல்ல? இவங்ககிட்ட நம்ம காலத்தைப் பத்தி எதுவும் கேக்கக் கூடாதாம்" என்றாள்.

பலகையை மதிப்பதில் மாமனாரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆளில்லாத தெருவில்கூட 'ஒலி எழுப்பாதே' என்று எழுதியிருந்தால் தும்மலை அடக்கிக்கொள்வார். ஆகவே அவர் ஒன்றும் கேட்கவில்லை. பெண்கள் இருவரையும் மாவு அரைப்பதைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். அந்த நேரம் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட்டம் கொல்லர் வீட்டுக்குள் புகுந்துவிடவே, மேற்பார்வையாளர் அம்மாளும் குடத்தோடு அங்கே ஓடினார். மூன்றாம் வீட்டு முற்றத்தில் மாமனாரும் மாப்பிள்ளையும் மகாராணியும்தான் மிச்சம்.

யாரும் இல்லையே, சொல்லிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். மாப்பிள்ளைக்கும் தோன்றியது. ஆனால் இரண்டு தடவையும் அம்மாள் பக்கத்தில் இல்லை என்று நினைத்துத்தான் அவர் நழுவினார்.

"இந்த ஆட்டைக் கறக்கத் தெரியுமா?" என்றார் மாமனார்.

"தெரியுங்க."

"கறந்து காட்டு."

மாப்பிள்ளை முக்காலியை இழுத்துப் போட்டார். போடுவதற்கு முன்னால், பழைய ஞாபகத்தில், தலையைத் திருப்பிப் பின்னால் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். மாமனார் தலையசைத்தார்.

"கை ஏன் நடுங்குது?"

"புது ஆளைப் பாத்தா மிரளுங்க."

"நான் ஆட்டைக் கேக்கல."

ஆனால் கறவை என்று வந்துவிட்டால் மாப்பிள்ளை சோடைபோக மாட்டார். நுண்ணிய திருகுகளைக் கழற்றிப் பழகிய விரல்கள். மகாராணி ஒரே ஒரு தடவை பாத்திரத்தை எட்டி உதைத்தது. அவர் அதைக் கவிழாமல் முழங்காலால் தாங்கிக்கொண்டார். பால் பாதிப் பாத்திரத்துக்கு வந்தபோது மாமனார் ஒரு பெருமூச்சு விட்டு, உட்கார இடம் தேடினார். விறகு வெட்டுகிற கட்டை காலடியிலேயே கிடந்தது. அதைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு மாப்பிள்ளை இருக்கான்" என்றார்.

அவன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தன்னை 'அவன்' என்று கேட்ட மாப்பிள்ளை, ஆட்டின் மடியை விட்டுவிட்டார்.

"நல்லவன்தான். வேலை போயிருச்சு. எங்கிட்ட சொல்லல. என் போன் உடைஞ்சு அவன் கடைக்கே எடுத்துட்டுப் போனேன். கதவுல பூட்டு. அன்னைக்கே தெரியும். எட்டு மாசமா அவன் சொல்லுவான், சொல்லுவான்னு பாத்துட்டு இருக்கேன். அதிகாரின்னு என் பொண்ணு சொல்றா. நானும் தலையாட்டுறேன். ஏன் சொல்லல? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

மாப்பிள்ளை நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய குடியானவர் என்ன சொல்வார் என்று தேடிப் பிடித்துச் சொன்னார். "பயமா இருந்திருக்குங்க. நீங்க என்ன தொழில் பாத்தீங்க?"

"பிரேக் இன்ஸ்பெக்டர்."

"அப்படின்னா?"

மாமனார் அவரை முறைத்தார். பலகை ஞாபகம் வந்ததும் முறைப்பு தணிந்தது. மாடு இல்லாமல் தானாக ஓடுகிற வண்டி ஒன்று பின்னால் வரப்போகிறது என்று பொறுமையாக விளக்கினார். மாடு இல்லையென்றால் வண்டியை யார் நிறுத்துவது என்று மாப்பிள்ளை கேட்டார். அதற்குத்தான் காலடியில் ஒரு கட்டை இருக்கும், அதை மிதித்தால் நிற்கும், அதற்குப் பிரேக் என்று பெயர் என்றார் மாமனார். எங்கே சொல்லு பார்க்கலாம் என்று இரண்டு தடவை சொல்லவும் வைத்தார். சரியாக ஓட்டாதவர்களுக்குத் தான் ஃபெயில் போடுவதையும் சொன்னார்.

"ஃபெயிலுன்னா என்னங்க?"

மாமனார் முப்பத்தோரு வருஷம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எழுதிய சொல்லுக்கு இப்போதுதான் அர்த்தம் தேடுகிறார் போலிருந்தது.

"உன்னால முடியாதுன்னு எழுதிக் குடுக்கறது" என்றார் கடைசியில். "எனக்கே குடுத்துட்டாங்க. ரெண்டு மாசம் ஆச்சு. லைசென்ஸ் புதுப்பிக்கப் போனேன், கண் டெஸ்ட்டு. எழுத்துப் பலகையில மூணாவது வரிக்குக் கீழ ஒண்ணும் ஓடல. பக்கவாட்டுல ஒரே இருட்டு. சின்னப் பொண்ணு ஒருத்தி, ஃபெயில்னு எழுதி எங்கிட்டயே நீட்டுறா. வீட்டுல யாருக்கும் தெரியாது. காரு ஒர்க் ஷாப்புல இருக்குன்னு சொல்லி இன்னைக்கு பஸ்ல கூட்டிட்டு வந்தேன். ரெண்டு மாசமா அது ஒர்க் ஷாப்புலதான் இருக்கு."

கதவில் இடித்த தோளும், கட்டையைத் தடவிய கையும் இப்போதுதான் மாப்பிள்ளைக்குப் புரிந்தன. கோபம் என்று நினைத்த முட்டாள் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டார். மாமா என்று கூப்பிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கொல்லர் வீட்டுப் பக்கமிருந்து குடம் திரும்பி வருவது தெரிந்தது.

"ஃபெயிலானவங்க அப்புறம் என்ன பண்ணுவாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"திரும்பி வருவாங்க. பாதிப் பேரு வரமாட்டான். என் மாப்பிள்ளை மூணு தடவை வந்தான். மூணாவது தடவை வந்தப்பவே நினைச்சேன், இவன் விடற ஆளில்லன்னு. அதை நம்பித்தான் பொண்ணைக் குடுத்தேன். அவன்கிட்ட சொன்னதில்ல."

சொல்லிவிட்டு, அதிகம் பேசிவிட்டோம் என்று நினைத்தாரோ என்னவோ, சட்டென்று எழுந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெண்கள் போன திசையில் விறுவிறு என்று நடந்தார். அவர் போகிற வழியில், இடது பக்கம், எருக்குழி இருந்தது. காலையில்தான் மாப்பிள்ளை தொழுவத்தைக் கழுவித் தள்ளி அதை இடுப்பளவுக்கு நிரப்பியிருந்தார். சுற்றிலும் ஒரு மெல்லிய கயிறு. கண் நன்றாகத் தெரிகிறவர்களுக்கு அது போதும்.

மாப்பிள்ளை பால் பாத்திரத்தைப் போட்டுவிட்டு எழுந்தார். ஓடினால் எட்டாது.

"பிரேக்! பிரேக்!"

முப்பத்தோரு வருஷப் பழக்கம் வீண்போகவில்லை. மாமனாரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. ஆள் அப்படியே நின்றார். மூக்குக்கு எட்டிய வாசனையிலிருந்து, எங்கே நிற்கிறோம் என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அசையாமல் நின்றார். மாப்பிள்ளை வந்து தோளைப் பிடித்து ஓர் அடி பின்னால் இழுத்தார்.

அதற்குள் குடம் வந்துவிட்டது. பின்னாலேயே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாற்பது பேர், கொல்லர், மாமியார், மனைவி எல்லோரும் வந்து சேர்ந்தார்கள்.

"என்ன சொன்னீங்க?" என்றார் மேற்பார்வையாளர் அம்மாள், தண்ணீர் சுமக்கிற பெண்ணின் குரலைக் கழற்றி வைத்துவிட்டு. "எனக்குக் கேட்டுச்சு. இது மூணாவது நழுவல்." குடத்துக்குள் கையை விட்டார். டிக் என்று ஒரு சத்தம். குடத்தில் தண்ணீர் இல்லாததால் அது நன்றாகவே எதிரொலித்தது.

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். பேசியது மாமனார்.

"அந்த வார்த்தையைச் சொல்லிக் குடுத்தது நான். பத்து நிமிஷத்துக்கு முன்னாடி. அதுவரைக்கும் இந்த ஆளுக்கு அது தெரியாது. ஒரு தடவை கேட்டுட்டு, சரியான நேரத்துல போட்டார். முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல நான் இப்படி ஒருத்தரைப் பாத்ததில்ல. பாஸ்."

அந்தச் சொல்லை மாப்பிள்ளை இதற்கு முன் அவர் வாயிலிருந்து ஒரே ஒரு தடவைதான் கேட்டிருந்தார். அன்று விளக்கெண்ணெய் முகம். இன்று அது இல்லை.

மேற்பார்வையாளர் அம்மாள் இன்னும் கையைக் குடத்திலிருந்து எடுக்கவில்லை. மாமனார் சத்தம் வந்த திசைக்குத் தலையைச் சாய்த்தார். கண் போனாலும் குறை கண்டுபிடிக்கிற காது அப்படியே இருந்தது.

"அதிருக்கட்டும்மா. குடத்துக்குள்ள டிக்குனு என்னமோ கேட்டுச்சே. அமுக்குற பேனா நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடியே வந்துருச்சா?"

நாற்பது பிள்ளைகளும் குடத்தை எட்டிப் பார்த்தார்கள். அம்மாள் கையை வெறுமனே வெளியே எடுத்து, "தண்ணி எடுக்கப் போகணும்" என்று பழைய குரலில் சொல்லிவிட்டுக் கிணற்றுப் பக்கம் நடந்தார். மகாராணி சிந்திய பாலை நக்க ஆரம்பித்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மாள் முகத்தை நிமிர்த்தாமல் கையெழுத்துப் போட்டார். மாப்பிள்ளை பேன்ட்டை மாட்டிக்கொண்டு இந்தக் காலத்துக்கு வந்து சேர்ந்தபோது, மூவரும் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தார்கள். "வாங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார், வழக்கம்போல. மாமியார், உள்ளே உங்களைப் போலவே ஒருத்தர் இருந்தாரே என்று ஆரம்பித்து முழுக் கதையையும் சொன்னார். அந்த ஆள் ரொம்ப நல்ல மாதிரி என்றும், ஆனால் அவர்மேல் ஆட்டு வாடை அடித்தது என்றும் சொல்லிவிட்டு, மாப்பிள்ளையை நோக்கி ஒரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்து, யோசனையில் ஆழ்ந்தார்.

பஸ் வந்தது. மாப்பிள்ளை மாமனாரின் இடது பக்கம் வந்து நின்று, "படி, மாமா" என்று மெதுவாகச் சொன்னார். மாமனார் ம் என்றார். ஏறினார். பெண்கள் இருவரும் முன்னால் உட்கார, இவர்கள் இரண்டு பேரும் பின்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இப்படி உட்கார்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இந்தத் தடவை வண்டியை வேறு யாரோ ஓட்டினார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் மாமனார் கேட்டார். "மூணாம் வீட்டுல ஒருத்தர் இருக்காரே, தெரியுமா மாப்பிள்ளை?"

"பாத்திருக்கேன் மாமா."

"நம்பகமான ஆளா? ஒரு விஷயம் சொல்லி வச்சிருக்கேன்."

"அவர் காலத்துல போன்கூடக் கிடையாது மாமா. யாருகிட்ட சொல்லப்போறார்?"

மாமனார் தலையசைத்தார். ஜன்னலுக்கு வெளியே, தெரிகிற அளவுக்குப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"அடுத்த வாரம் மறுபடி வரணும். கண் டாக்டர்கிட்ட போகலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி அந்த ஆளை ஒரு வார்த்தை கேட்டுக்கணும்."

"செவ்வாய்க்கிழமை வேண்டாம் மாமா" என்றார் மாப்பிள்ளை. "அன்னைக்கு எனக்கு லீவு. நேரா டாக்டர்கிட்டயே போயிடலாம், நான் கூட வரேன்."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மாமனார் கையை நீட்டித் துழாவி, மாப்பிள்ளையின் முழங்காலைக் கண்டுபிடித்து, அதன்மேல் வைத்துக்கொண்டார்.

"இதுதான் உங்க மூணாவது நழுவல், மாப்பிள்ளை" என்றார்.